ஆறுமணிக்குருவி ஊரில் இல்லாத மாதங்கள்

ஐப்பசி, கார்த்திகையில் மரம் அடர்ந்த தோட்டம் ஏதாவது வீட்டுப் பக்கத்தில் இருந்தால், விடிவதற்குச் சற்று முன்னும் விளக்கு வைக்கும் நேரத்திலும் ஒரு விசில் சத்தம் கேட்கும். இரண்டே சுரம். முதலாவது மேலே ஏறும், இரண்டாவது கீழே இறங்கும். மதிலுக்கு வெளியே நின்று ஒரு பையன் தன் கூட்டாளியைக் கூப்பிடுவதுபோல இருக்கும். ஒரு தடவை, இரண்டு தடவை, சில நாள் நாலைந்து தடவை. பக்கத்துத் தோட்டத்திலிருந்து இன்னொன்று பதில் கொடுக்கும். அப்புறம் இரண்டும் அடங்கிவிடும். காலையில் ஏறக்குறைய ஆறு மணி, மாலையிலும் ஏறக்குறைய ஆறு மணி. அதனால்தான் ஆறுமணிக்குருவி.

இதே பறவைக்கு இந்தியில் நவ்ரங் என்று பெயர். ஒன்பது நிறம் கொண்டது என்று அர்த்தம். தெற்கே நேரத்தை வைத்துப் பெயர், வடக்கே நிறத்தை வைத்துப் பெயர். இது ஏன் என்று யோசித்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. நாம் இந்தப் பறவையின் பாதி ஆண்டை மட்டும் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறோம். நம்மிடம் இருக்கும்போது அது கூடு கட்டுவதில்லை, துணை தேடுவதில்லை, குஞ்சு வளர்ப்பதில்லை. தனியாளாக வந்து, சருகுக்குள் இரை பொறுக்கி, அந்திக்கு இரண்டு குரல் கொடுத்துவிட்டுத் தூங்கப் போகிறது. அதன் குடும்ப வாழ்க்கை முழுவதும் வேறு ஊரில், வேறு மழையில் நடக்கிறது. அங்கே அது பகல் முழுக்கக் கத்தும். நண்பகல் வெயிலிலும் விடாது. அங்கே வாழ்கிறவர்களுக்கு 'ஆறு மணி' என்பது அடையாளமாகவே தோன்றியிருக்காது.

முதலில் நிறத்தைப் பார்த்துவிடலாம். முதுகு பச்சை. இறக்கையிலும் வாலடியிலும் மின்னும் நீலம். கண்ணை மறைத்தாற்போல ஒரு பட்டைக் கறுப்பு. தொண்டையும் புருவமும் வெள்ளை. உச்சந்தலை பழுப்பு, நடுவில் ஒரு கறுப்புக் கோடு. மார்பும் வயிறும் சந்தன நிறம். அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு. அலகு ஆரஞ்சு, கால் இளஞ்சிவப்பு. எண்ணிப் பார்த்தால் ஒன்பது வந்துவிடுகிறது, பெயர் வைத்தவர் பொய் சொல்லவில்லை. உருவம் மைனாவைவிடச் சிறியது. எடை 50, 60 கிராம், அதாவது ஒரு கோழிமுட்டை கனம். வால் என்று சொல்ல ஏதோ ஒரு துண்டுதான் இருக்கும். அதையும் மெதுவாக மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருக்கும்.

இத்தனை நிறம் இருந்தும் கண்ணில் படாது என்பதுதான் வேடிக்கை. சிவப்பு முழுவதும் அடியில். வெள்ளைத் திட்டும் நீலத்தின் பெரும்பகுதியும் இறக்கையை விரித்தால்தான் தெரியும். மேலிருந்து பார்க்கும் வல்லூறுக்கு அது நிழலில் கிடக்கும் ஒரு பச்சை இலை. தரையில் நடமாடும் பறவைக்கு இதைவிட நல்ல சட்டை கிடையாது. தோட்டக்கள்ளன் என்று தமிழில் இன்னொரு பெயர் இருக்கிறதே, அது இதைப் பார்த்து வைத்ததாகத்தான் இருக்க வேண்டும். மலையாளத்தில் காவி. சிங்களத்தில் அவிச்சியா, அது குரலை வைத்து வந்தது. இலங்கையில் ஒரு கதையும் உண்டு. இதன் அழகான உடையை மயில் திருடிக்கொண்டு போய்விட்டதாம், 'என் உடையைக் கொடு' என்று அன்றிலிருந்து முறையிட்டுக்கொண்டே இருக்கிறதாம். இவ்வளவு நிறத்தை வைத்துக்கொண்டு இன்னும் உடை கேட்கும் பறவை!

அறிவியல் பெயருக்கும் ஒரு கதை இருக்கிறது. 1766இல் லின்னேயஸ் என்ற ஸ்வீடன் நாட்டு அறிஞர் இதைக் காக்கைக் குடும்பத்தில் சேர்த்து 'கார்வஸ் பிராக்கியூரஸ்' என்று எழுதினார். பிராக்கியூரஸ் என்றால் குட்டைவால். வாலைச் சரியாகப் பார்த்த மனிதர் மற்றதை எப்படிக் கோட்டை விட்டார் என்று தெரியவில்லை. பிறகு 1816இல் வியேயோ என்ற பிரெஞ்சு அறிஞர் தனிப் பேரினம் ஆக்கி 'பிட்டா' என்று பெயரிட்டார். பிட்ட என்பது தெலுங்கு. நாம் குருவி, சிட்டு என்று சொல்வதுபோல அவர்கள் சின்னப் பறவையைச் சொல்லும் சொல். ஆக ஜப்பானிலும் ஆப்பிரிக்காவிலும் இருக்கும் இதன் சொந்தக்காரப் பறவைகளுக்கெல்லாம் குடும்பப் பெயர் நம் பக்கத்து மாநிலத்திலிருந்து போயிருக்கிறது.

'பாடும் பறவை' என்று இதைச் சொல்லலாமா? பேச்சுவழக்கில் தாராளமாகச் சொல்லலாம். பறவையியல் கணக்கில் கொஞ்சம் இழுபறி. குயில்மாதிரி இது வேறு வரிசை அல்ல, மைனா, புல்புல், தேன்சிட்டு இருக்கிற அதே குருவி வரிசைதான். ஆனால் அந்த வரிசைக்குள் இரண்டு பெரிய கிளைகள் உண்டு. ஒரு கிளையில் இருப்பவை தாய் தந்தையரிடமும் அக்கம்பக்கத்திலும் கேட்டுப் பாட்டைக் கற்றுக்கொள்கின்றன. வண்ணாத்திக்குருவி விதவிதமாக ராகம் போடுவது அதனால்தான். பிட்டாக்கள் மற்றொரு கிளை. இவற்றின் குரல் உறுப்பு எளிமையானது, பாட்டும் பெரும்பாலும் பிறவியிலேயே வருவது. குரு வேண்டாம். அதனால்தான் இரண்டு சுரத்தோடு நின்றுவிடுகிறது. அந்த இரண்டு சுரத்துக்கே தலையைப் பின்னுக்குத் தள்ளி, அலகை வானத்துக்கு நீட்டி, உடம்பு முழுவதையும் கொடுத்துப் பாடுகிறது என்பது வேறு விஷயம்.

சரி, நம் ஊரில் இல்லாத மாதங்களில் எங்கே போகிறது?

சித்திரை பிறந்து சில நாட்களில் தோட்டம் அமைதியாகிவிடும். ஏப்ரலில் தொடங்கி மே மாதத்துக்குள் தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் அநேகமாக எல்லாமே கிளம்பிவிடுகின்றன. அவை போய்ச் சேரும் நிலப்பரப்பு ஒரே துண்டாக இல்லை. ஒரு பக்கம் இமயமலை அடிவாரம். பாகிஸ்தானில் இஸ்லாமாபாத்தை ஒட்டிய மர்கல்லா குன்றுகளில் ஆரம்பித்து, டேராடூன், கார்பெட் புலிக்காடு வழியாக நேபாளம் வரை ஒரு நீண்ட பட்டை. மலை உச்சி அல்ல, சால் மரங்களும் புதர்களும் நிறைந்த கீழ்ச்சரிவு. இன்னொரு பக்கம் மத்திய இந்தியாவின் குன்றுகள், கான்ஹா போன்ற காடுகள். மேற்கே குஜராத்தின் கிர் காடு. அங்கிருந்து தெற்கே மும்பையை ஒட்டிய காடுகள், கொங்கணச் சரிவுகள், மேற்குத் தொடர்ச்சி மலையோரமாகக் கர்நாடகம் வரை. அதோடு நின்றுவிடுகிறது. கர்நாடகத்துக்குத் தெற்கே கேரளம், தமிழ்நாடு, இலங்கை எல்லாம் விருந்தாளியாக வரும் இடங்கள்தான்.

இந்த எல்லை ஏன் இப்படி விழுந்தது என்பதற்கு எனக்குப் பிடித்த விளக்கம் மழைதான். இந்திய வானிலைத் துறையின் வழக்கமான தேதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் ஜூன் 1, மும்பையில் ஜூன் 11, டெல்லியில் ஜூன் 27, நாடு முழுவதையும் எட்டுவது ஜூலை 8. ஆறுமணிக்குருவியின் இனப்பெருக்கக் காலம் மொத்தத்தில் ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை என்றாலும், மத்திய இந்தியாவில் அது ஜூனில் உச்சமாக இருக்கிறது, வட இந்தியாவில் ஜூலையில். மழை வடக்கே போகப் போகக் கூடு கட்டும் மாதமும் பின்னால் நகர்கிறது. பறவை மேயிலேயே போய் இடம்பிடித்து, காய்ந்து கிடக்கும் காட்டில் கூவிக்கொண்டே காத்திருக்கிறது. மழை இறங்கியதும் வேலை ஆரம்பம்.

இதன் சாப்பாட்டை நினைத்தால் இது புரியும். பிட்டா மரத்தில் பழம் தின்னும் பறவை அல்ல. தரையில் தத்தித் தத்திப் போய், சருகைப் புரட்டி, ஈர மண்ணைக் கிளறி, மண்புழு, வண்டுப் புழு, கறையான், சிலந்தி என்று பொறுக்குவது. மே மாதத்து இலையுதிர் காட்டில் தரை பாறையாக இருக்கும், புழு ஆழத்துக்குப் போயிருக்கும். இரண்டு மழை பெய்தால் அதே தரை கஞ்சிபோல இளகும். புழு மேலே வரும், ஈசல் கிளம்பும், மரமெல்லாம் தளிர்விட்டு இலைப்புழுவால் நிறையும். நாலைந்து குஞ்சுகளின் வாயை நிரப்ப அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

ஒரு கேள்வி எழும். மழைதான் காரணம் என்றால், முதலில் மழை பெறும் கேரளத்திலேயே தங்கிவிடலாமே? மழையை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. இதற்குப் பிடித்தது ஆண்டு முழுவதும் பச்சையாக இருக்கும் அடர்காடு அல்ல, காய்ந்து தளிர்க்கும் இலையுதிர் காடு. காய்ந்தது திடீரென்று தளிர்க்கும்போது பூச்சிகள் பெருகும் வேகமே தனி. இன்னொன்று பகல் நேரம். ஜூன் மாதத்தில் தென்கோடியில் பகல் பன்னிரண்டே முக்கால் மணி நேரத்தைத் தாண்டாது. டேராடூன் பக்கம் பதினான்கு மணி நேரம். குஞ்சுக்கு இரை கொண்டுவர நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடுதல் கிடைக்கிறது. தமிழ்நாடோ அந்த மாதங்களில் மலையின் மறுபக்கத்தில் மழைமறைவில் வறண்டு கிடக்கிறது. புழு பொறுக்கும் பறவைக்கு ஆனி மாதத்துத் தஞ்சாவூரில் என்ன வேலை?

கூடு பார்ப்பதற்கு ஒரு குப்பைக் குவியல் போலத்தான் இருக்கும். ஏறக்குறைய கால்பந்து அளவு உருண்டை. வெளியே காய்ந்த இலை, குச்சி, வேர். உள்ளே புல்லும் மெல்லிய இலையும். ஒரு பக்கம் வட்டமான வாசல். சில கூடுகள் தரையிலேயே புதரடியில் இருக்கும், சில தாழ்ந்த கிளையின் கவட்டையில். காட்டில் மழைத்தண்ணீர் அடித்துக்கொண்டுவந்து ஒதுக்கிய சருகு என்று நினைத்துக் கடந்து போய்விடலாம். ஒரு ஈட்டுக்கு நாலு அல்லது ஐந்து முட்டை. உருண்டையாக, பளபளக்கும் வெள்ளையில் அரக்கும் ஊதாவுமாகப் புள்ளி தெளித்திருக்கும்.

ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி இருப்பது இங்கே முக்கியம். மயில், காட்டுக்கோழி, தேன்சிட்டு எதை எடுத்தாலும் ஆணுக்கு அலங்காரம், பெண்ணுக்கு மண் நிறம் என்றுதான் பழகியிருக்கிறோம். பிட்டாவில் அந்தப் பேதம் இல்லை. இரண்டும் நவ்ரங்தான். பிட்டாக் குடும்பத்தில் பொதுவாகக் கூடு கட்டுவது, அடைகாப்பது, ஊட்டுவது எல்லாவற்றிலும் இரண்டுக்கும் பங்கு உண்டு. 1860களில் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் என்ற ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் ஒரு கருத்தைச் சொன்னார். மூடிய கூட்டிலும் பொந்திலும் அடைகாக்கும் பறவைகளில் பெண்ணும் பளிச்சென்று இருக்கலாம், ஏனென்றால் உட்கார்ந்திருப்பது வெளியே தெரியாது என்று. அந்தக் கருத்துக்கு விதிவிலக்குகள் ஏராளம். ஆனாலும் கூரை போட்ட கூட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் இந்தப் பறவையைப் பார்க்கும்போது, கிழவர் சொன்னதில் ஏதோ இருக்கிறது என்றே தோன்றுகிறது.

இதையெல்லாம் நேரில் பார்த்தவர்கள் குறைவு. அதற்கு ஒரு நடைமுறைக் காரணம் உண்டு. கிர் காடு ஜூன் 16 முதல் அக்டோபர் 15 வரை பார்வையாளர்களுக்கு மூடியிருக்கும். கான்ஹா போன்ற மத்திய இந்தியப் புலிக்காடுகளின் உட்பகுதி ஜூலை முதல் செப்டம்பர் வரை மூடியிருக்கும். மழையில் பாதை சேறாகிவிடும் என்பதோடு விலங்குகளின் இனப்பெருக்கக் காலம் என்பதும் காரணம். ஆகவே கேட் சாத்தும் நேரமும் பிட்டா முட்டையிடும் நேரமும் ஒன்றாக அமைந்துவிடுகின்றன. கேமராக்காரர்கள் கூட்டம் சேர்வது அதற்கு முன்னால், பறவை கத்திக் கத்தி இடம்பிடிக்கும் மே இறுதியிலும் ஜூன் தொடக்கத்திலும்தான். கைபேசியில் பதிவுசெய்த குரலைப் போட்டு வரவழைப்பது ரொம்பச் சுலபம். எதிரி வந்துவிட்டான் என்று நினைத்து ஓடி வந்து முன்னால் நிற்கும். ஒரு படம் கிடைக்கும். ஆனால் அது கூட்டைவிட்டு வந்திருக்கிறது, இல்லாத எதிரியோடு சண்டைபோட வந்திருக்கிறது. நாளெல்லாம் பத்துப் பேர் இப்படிச் செய்தால் அது எப்போது இரை தேடும்? இதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது. இனப்பெருக்க இடத்தில் குரல் போடக் கூடாது, கூட்டைப் படம் எடுக்கவும் கூடாது. படம் இல்லாவிட்டால் ஒன்றும் குடி முழுகிப்போகாது.

ஆகஸ்ட் முடிய வேலை முடிந்துவிடும். குஞ்சுகளுக்கு மங்கலான நிறத்தில் ஒரு சட்டை, பிறகு பெரியவர்களின் சட்டை. செப்டம்பரில் அடிவாரக் காடு காயத் தொடங்கும்போது தெற்கு நோக்கிய பயணம். டேராடூனுக்கும் கொழும்புக்கும் நேர்க்கோட்டில் அளந்தாலே சுமார் 2,600 கிலோமீட்டர். குட்டை வாலும் அகன்று உருண்ட இறக்கையுமாக, காட்டுத் தரையில் தத்துவதற்கென்றே செய்ததுபோன்ற உடம்பு இது. வாத்துக்கும் உள்ளானுக்கும் இருப்பதுபோல நீண்ட கூரான இறக்கை இல்லை. இருந்தும் இரவு இரவாகப் பறந்து வந்துவிடுகிறது. ஜூலையில் முட்டையிலிருந்து வந்தது, பிறந்து மூன்று மாதம் ஆவதற்குள் இந்தப் பயணத்தில் இருக்கிறது. இலங்கைக்குப் போகிறவை நிலத்தை விட்டுக் கடலையும் தாண்ட வேண்டும். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே 30 கிலோமீட்டர் அளவில்தான் என்றாலும், தரைப் பறவைக்கு அது சின்னத் தூரம் அல்ல.

பிட்டாக் குடும்பத்தில் எல்லோரும் இப்படி அலைவதில்லை. ஒடிசாவின் பிதர்கனிகாவிலும் சுந்தரவனத்திலும் ஒரு பிட்டா இருக்கிறது, அலையாத்திப் பிட்டா என்று சொல்லலாம். நம்முடையதைப் போலவே இருக்கும், அலகு மட்டும் இன்னும் தடிமன். அந்தச் சதுப்பிலேயே பிறந்து, அங்கேயே கூடு கட்டி, அங்கேயே இருந்துவிடுகிறது. மறுபுறம் ஜப்பான், கொரியா, தைவான் பக்கம் கூடு கட்டிவிட்டுக் குளிர்காலத்துக்குப் போர்னியோ போகும் ஒரு பிட்டாவும் உண்டு. நம் குருவி அந்த இரண்டாவது ரகம்.

வந்து சேரும் நேரத்தைக் கவனியுங்கள். முதல் குரல்கள் செப்டம்பர் கடைசியில் கேட்கும், அக்டோபரில் நன்றாகக் கேட்கும். வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்குவது அக்டோபர் 20 வாக்கில். வடக்கே தரை காயும்போது இங்கே தரை நனைகிறது. ஆண்டு முழுவதும் இந்தப் பறவை ஈரச் சருகிலிருந்து ஈரச் சருகுக்குப் போய்க்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். இரண்டு பருவமழையையும் அனுபவிக்கும் ஆள் என்று இதைச் சொல்லலாம்.

இங்கே அதற்குக் காடுதான் வேண்டும் என்று இல்லை. சென்னையில் கிண்டிப் பூங்காவில் இருக்கும், அடையாறு தியாசாஃபிகல் சொசைட்டியின் தோப்பில் இருக்கும், கல்லூரி வளாகங்களில் இருக்கும். கோடியக்கரையில் இருக்கும். சில சமயம் நாலு மாமரமும் ஒரு வாழைக்கொல்லையும் உள்ள வீட்டுத் தோட்டமே போதும். ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு துண்டு நிலம் வைத்துக்கொள்கிறது. அந்தியில் கேட்கும் அந்த விசிலும் அதன் பதிலும் 'இது என் இடம், அது உன் இடம்' என்ற பேச்சுதான், காதல் பாட்டு அல்ல. வேலை முடிந்துவிட்டால் பகலில் கத்த வேண்டிய அவசியமும் இல்லை. அதனால்தான் இங்கே ஆறு மணிக்கு மட்டும்.

அதற்குத் தேவையான ஒரே சாமான் சருகு. நாமோ தோட்டம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று தினமும் கூட்டிப் பெருக்கித் தீ வைக்கிறோம். எங்கள் தெருவில் ஒரு பெரிய வேப்பமரத்தடியில் மூன்று மார்கழி தொடர்ந்து இதைப் பார்த்தேன். நாலாவது ஆண்டு அங்கே சிமெண்டுக் கல் பதித்தார்கள். மரம் இருக்கிறது, நிழலும் இருக்கிறது, விசில் மட்டும் இல்லை. பொங்கல் சமயத்தில் தமிழ்நாட்டில் 2015 முதல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. கலந்துகொள்ள ஆசை இருந்தால், கண்ணை நம்பாமல் விடியலில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தால் பட்டியலில் இதைச் சேர்த்துவிடலாம்.

வலசை வரும் வாரங்களில் இன்னொன்றும் நடக்கும். இரவெல்லாம் பறந்து களைத்த பறவை, வெளிச்சத்தில் தடுமாறிக் கண்ணாடியில் மோதி, காலையில் மாடிப்படியிலோ வண்டி நிறுத்தும் இடத்திலோ உட்கார்ந்திருக்கும். கிட்டே போனாலும் பறக்காது. இவ்வளவு நிறத்தைப் பார்த்ததும் யாரோ வளர்த்த வெளிநாட்டுப் பறவை கூண்டிலிருந்து தப்பியிருக்கிறது என்று நினைத்து மறுபடி கூண்டில் போட்டவர்கள் உண்டு. அப்படிச் செய்ய வேண்டாம். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றவும் வேண்டாம், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில் ஒரு துணியை விரித்து, அதற்குள் வைத்து மூடி, பூனை எட்டாத இருட்டான இடத்தில் விட்டுவிடுங்கள். இறக்கை ஒடிந்திருந்தால் கால்நடை மருத்துவரிடமோ வனத்துறையிடமோ கொடுக்க வேண்டும். வெறும் களைப்பு என்றால் சில மணி நேரத்தில் பெட்டிக்குள் தத்தும் சத்தம் கேட்கும். அப்போது மரமும் சருகும் இருக்கிற பக்கமாகக் கொண்டுபோய்த் தரையில் வைத்துத் திறந்தால் போதும். மாலை ஆறு மணி அதற்குத் தோதான நேரம்.